புதுத் தரை

ஜூன் 2, திங்கள்

சேர்மன் இன்று எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆகஸ்டில் தரச்சான்று கொடுக்கும் ஆய்வுக் குழு வருகிறதாம். இந்த முறை ரீஹேப் பிரிவையும் விண்ணப்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களும் முதுகில் அடிபட்டவர்களும் எழுந்து நடக்கப் பழகும் என் கூடம், ஆஸ்பத்திரியின் கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டருக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே கிடக்கிறது. அதன் பெயரை அவர் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. "கோகிலவாணி மேடம், உங்க பிரிவுதான் இந்தத் தடவை நம்ம முகம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி நிவேதிதா வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் நிற்கும் எங்கள் பஸ்ஸைக் கண்டதும் நின்றுவிட்டாள். முழு பஸ் இல்லை. பழைய இரும்புக் கடையில் வெட்டிப் போட்டிருந்த டவுன் பஸ்ஸின் பின்வாசல்: படி, கைப்பிடிக் கம்பி, கொஞ்சம் தகரம். பிரிவு தொடங்கிய வருடம் எங்கள் வீட்டுக்காரர் அதை வாங்கிவந்து, பற்றவைத்து, பச்சை பெயின்ட் அடித்து நிறுத்தினார். இவர்தான் இந்த ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பொறுப்பாளர். கல்யாணத்துக்கு இவர் போட்ட நகையைவிட எனக்கு அந்தப் படி உசத்தி.

நோயாளி கையில் பையோடு அதில் ஏறி இறங்கிவிட்டால் நான் விசில் ஊதுவேன். இவர் பக்கத்தில் இருந்தால் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி "போலாம் ரைட்" என்பார். விசில் வாங்கியவர் வீட்டுக்குப் போகலாம். எங்கள் பிரிவில் வேறு பட்டமளிப்பு கிடையாது.

"மேம், விசில் மட்டும் ஆய்வு அன்னைக்கு வேண்டாம்" என்றாள் நிவேதிதா. "பஸ் இருக்கட்டும், க்யூட்டா இருக்கு."

க்யூட்டாம்.

ஜூன் 5, வியாழன்

கேட்காமலே வரம் கிடைக்கிறது. வழுக்காத தரை போடுங்கள் என்று நான் தொண்டை வறளக் கத்திய காலமெல்லாம் போய், இன்று இவராகவே "உன்ற கூடத்துக்குப் புதுத் தரை சாங்க்‌ஷன் ஆயிருச்சு" என்றார். வேலை முடியும்வரை நோயாளிகளை வெளி வராண்டாவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவரே ரசமட்டத்தோடு வந்து சுவர் சுவராகக் குறித்தார். நான் இரண்டு இடத்தில் கோடு சரியில்லை என்று சொன்னேன்.

கொத்தனாரிடம், "இவ கண்ணே ரசமட்டம். பாத்து வேலை செய்யி" என்றார். கொத்தனார் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. வெயில் களைப்பு போல.

ஜூன் 14, சனி

வராண்டாவில் புழுக்கம். ஆனால் சரசக்கா நன்றாக வருகிறார்.

கோபிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். ஏப்ரலில் பக்கவாதம், இடது பக்கம். வந்தபோது உட்காரவே மாட்டார், சாய்ந்து விழுவார். இப்போது ஊன்றுகோலோடு வராண்டாவின் மறுகோடிக்குப் போகிறார். பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில்தான் போக வேண்டும். தலைமையாசிரியை ஆகஸ்ட் கடைசிவரை வேறு ஆளைப் போட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

"என்னைய பஸ் ஏத்தி உட்ருங்க மேடம். அது போதுமுங்க."

"ஏத்தி விடறேன் சரசக்கா. ஜூலையிலயே விசில் ஊதறேன் பாருங்க."

வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கக் கூடாது என்று என் ஜூனியர்களுக்கு நானே பாடம் எடுப்பேன்.

ஜூன் 23, திங்கள்

புதுத் தரை திறந்தது. சாம்பல் நிறம், கால் வைத்தால் பிடித்துக்கொள்கிறது. அழுகை வந்தது எனக்கு. கிழக்குச் சுவர் ஓரம் நீளமாக ஒரு சாக்கடை வாய்க்கால், மேலே ஸ்டீல் கம்பி மூடி. இது எதற்கு என்று கேட்டேன். "கழுவி விடறதுக்கு. இன்பெக்‌ஷன் கன்ட்ரோல்ல கேக்கறாங்க" என்றார் இவர். பஸ் படியைத் தன் ஆட்களை வைத்துத் தானே தூக்கிப் பழைய மூலையில் நிறுத்தினார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

சரசக்காதான் முதல் நடை. இரண்டு பக்கமும் கம்பி உள்ள நடைபாதையில் நிறுத்தினோம். பாதி தூரம் போனதும் இடது பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், தரை ஒரு பக்கமா போவுதுங்க."

பக்கவாதம் வந்த சிலருக்கு மூளைக்குள் இருக்கும் நேர்கோடு சாய்ந்துவிடும். நேராக நின்றால் விழப்போவது போல இருக்கும். சாய்ந்து நின்றால்தான் நேராக இருப்பது போலத் தோன்றும். "தரை போகலக்கா, உங்க தலைக்குள்ள இருக்கற மட்டம்தான் போகுது. பழகப் பழகச் சரியாகும்" என்றேன். களைத்துப் போயிருந்தார். வழக்கம்போல வீல் சேரில் உட்கார வைத்துத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தோம்.

ஜூன் 26, வியாழன்

பயிற்சிக்கான பெரிய பந்தை வலைக்குள் போடாமல் போட்டது போட்டபடி போய்விடுகிறாள் எங்கள் கூடத்து ஆயா பழனாத்தாள். இன்று காலையும் அது கிழக்கு மூலையில் கிடந்தது. கத்தினேன். "நான் நடுக்கூடத்துல வச்சுட்டுத்தானுங்க போனேன்" என்கிறாள். பந்துக்குக் கால் முளைத்திருக்கும் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

வீல் சேர் ஒன்று ஒரு பக்கமாக இழுக்கிறது. இவரிடம் சொன்னேன். ஆளை அனுப்பாமல் தானே எண்ணெய்க் கேனோடு வந்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு. இவர் மறுசோறு கேட்கவில்லை. ஆய்வு நெருங்க நெருங்க இவருக்கும் வேலைச்சுமை. பாவம்.

ஜூலை 10, வியாழன்

சரசக்கா பின்னுக்குப் போகிறார். வராண்டாவில் வந்த நடை எங்கே போனது என்று தெரியவில்லை. தினமும் இடது பக்கம் சாய்கிறார், தினமும் தரையைக் குறை சொல்கிறார். இரண்டாவது அடைப்பு ஏதாவது வந்திருக்குமோ என்று மறுபடி ஸ்கேன் எடுத்தோம். புதிதாக ஒன்றும் இல்லை. நரம்பு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "சிலருக்கு இப்படித்தான் கோகிலா, ஒரு கட்டத்துல நின்னுரும்."

பஸ் படிப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். விழுந்து இடுப்பு உடைந்தால் யார் பதில் சொல்வது? ஆய்வு நேரம் வேறு.

"பஸ்ஸுல ஏத்தி உடறேன்னீங்களே" என்று அழுதார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல். நான் கோப்பு எடுப்பதுபோல எழுந்து போனேன்.

ஜூலை 15, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சரசக்காவைப் பற்றிப் புலம்பினேன். இவர் தட்டைப் பார்த்தபடியே, "அந்தம்மாவ மறுபடி வராண்டாவுல நடக்க வச்சுப் பாரேன்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா. காத்தோட்டமா இருக்கும்."

புதுத் தரை போட்டுவிட்டு வராண்டாவில் நடக்க வைத்தால் ஆய்வுக் குழு என்ன நினைக்கும்? "நீங்க குழாயப் பாருங்க, நான் காலப் பாத்துக்கறேன்" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன். இவர் எழுந்து கை கழுவினார்.

ஜூலை 22, செவ்வாய்

ஒத்திகை. நிவேதிதா ஆய்வாளர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்டாள். "உங்கள் பிரிவுக்கு ஐந்தாண்டுத் திட்டம் என்ன?" நான் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன்: படுக்கைகளைக் கூட்டுவது, பேச்சுப் பயிற்சிக்குத் தனி அறை, வீடு தேடிப் போய்ப் பார்ப்பது. ஒவ்வொன்றும் நான் உட்கார்ந்து யோசித்தது. நிவேதிதா கைதட்டினாள். சேர்மன் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "அப்படியே சொல்லுங்க, அப்படியே" என்றார்.

இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்து வெகுநாள் ஆகிறது.

ஜூலை 25, வெள்ளி

சரசக்காவின் கணவரைக் கூப்பிட்டுப் பேசினேன். வீட்டுக்குள் பிடித்துக்கொண்டு நடப்பார், அவ்வளவுதான், பஸ் ஏறி வேலைக்குப் போவதை எதிர்பார்க்க வேண்டாம் என்றேன். "டீச்சரம்மாகிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லீறட்டுங்களா?" என்று கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றேன். சரசக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். திங்கட்கிழமை வீட்டுக்கு.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

காலையில் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது சரசக்காவின் கணவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சரசக்கா வராண்டாவில் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு தோளில் ஒரு பை. பிடிக்க யாரும் இல்லை. கழுத்தும் இடுப்பும் காலும் ஒரே நேராக.

"சரசக்கா, சித்த உள்ள வாங்க."

"எதுக்குங்க? நாந்தான் போறனே."

கெஞ்சி உள்ளே கூட்டிப் போனேன். கூடத்துக்குள் கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கம் சாய்ந்தார். கடைசிவரை போகச் சொன்னேன். பிறகு, "அப்படியே திரும்பி நடந்து வாங்க" என்றேன்.

திரும்பி வரும்போது வலது பக்கம் சாய்ந்தார்.

நல்ல பக்கம். ஒரு குறையும் இல்லாத பக்கம். மூளையில் வந்த சாய்வு திரும்பி நின்றால் பக்கம் மாறாது. இத்தனை நாளும் நான் அவரை ஒருவழிதான் நடக்கவிட்டிருக்கிறேன். திரும்பும் வழி வீல் சேரில் தள்ளிவந்துவிட்டேன். போகும்போது அவருக்கு இடது பக்கம் எதுவோ அதுதான் வரும்போது வலது பக்கம்: கிழக்குச் சுவர்.

வலையிலிருந்து பெரிய பந்தை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்துக் கையை எடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அது மெதுவாக உருண்டு போய் வாய்க்கால் மூடியில் முட்டி நின்றது. பழனாத்தாள் என்னையே பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதுகூடப் புத்தி வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். கொத்தனார் மேல்தான் கோபம் வந்தது. இவரைத் தேடி ஓடினேன். ஜெனரேட்டர் அறையில் ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உங்களை நல்லா ஏமாத்திப் போட்டான் அந்தக் கொத்தனார். தரை பூராம் கிழக்கே சரிஞ்சு கெடக்குது. நீங்க நம்பி விட்டீங்க, அவன் கழுத்தறுத்துட்டான். நாளைக்கே கூட்டியாந்து உடைக்கச் சொல்லுங்க."

இவர் வாஷரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் ஏமாத்துல, கோகிலா. நாந்தான் வாட்டம் குடுக்கச் சொன்னேன்."

"கழுவற தண்ணிக்கு இத்தன வாட்டமா?"

"டயாலிசிஸ் வருது அங்க. ஆய்வு முடிஞ்சதும். அந்த மெஷின் தண்ணி வடியோணும். ரெண்டு தடவ தரைய உடைக்க வேண்டாம்னு இப்பவே அதுக்குத் தக்கன போட்டாச்சு."

"அப்ப ரீஹேப்?"

இவர் வாஷரைக் குழாய்க்குள் வைத்து அழுத்தினார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மே மாசம்."

மே மாதம் இரண்டு பேரும் பவானி கூடுதுறைக்குப் போய் வந்தோம். வழியில் இளநீர் குடித்தோம். பேச்சுப் பயிற்சி அறையைப் பற்றி நான் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தேன். இவர் உம் கொட்டிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

"சேர்மன் உன்றகிட்ட மூச்சு உடக் கூடாதுன்னுட்டாரு. தெரிஞ்சா உனக்கு மனசு உட்டுப் போயிரும், ஒரு வேலையும் நடக்காதுன்னாரு. அது நெசந்தானே? உனக்கு எலும்புப் பிரிவுல ஒரு ரூம் பேசி வெச்சிருக்கறேன். நாஞ் சும்மா இருக்குல."

"அந்தம்மா சாயறாங்க, சாயறாங்கன்னு தெனம் உங்க முன்னால வந்து பொலம்புனனே. அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாமில்ல."

"அதுக்குத்தானே வராண்டாவுல நடக்க வையின்னு சொன்னேன்" என்றார்.

இந்த மனிதரோடு இருபது வருடம் ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

சமைக்கவில்லை. இவர் கடையில் இட்லி வாங்கிவந்து வைத்தார். தொடவில்லை.

ஜூலை 30, புதன்

சரசக்காவைப் போக விடவில்லை. கட்டிய மூட்டையை அவிழ்க்க வைத்தேன். தலைமையாசிரியைக்கு நானே போன் போட்டு, நான் சொன்னது தப்பு, அவர் வருவார் என்றேன்.

சரசக்கா என்னை லேசில் விடவில்லை. அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

"நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்க, தரை சரியில்லீன்னு. நீங்க நம்புல. என்ற வூட்டுக்காரருகிட்ட எனக்கு மூளை கெட்டுப் போன மாதிரி சொன்னீங்க. அவரும் நம்பிப்போட்டாரு. பொறவு நானே நம்ப ஆரம்பிச்சுட்டனுங்க, மேடம்."

மன்னிப்புக் கேட்டேன். "செரி, நடப்போம்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

எல்லாப் பயிற்சியையும் வராண்டாவுக்கு மாற்றினேன். பழனாத்தாளும் நானும் இன்னும் இரண்டு பேருமாகப் பஸ் படியை வெளியே தூக்கினோம். சமமான வராண்டாவில் அது ஒருபக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. குனிந்து பார்த்தேன். கிழக்குப் பக்கக் காலுக்கடியில் ஒரு மரக்கட்டை ஆணி அடித்து வைத்திருந்தது. தரையின் சரிவுக்குத் தக்கபடி இழைத்து, வெளியே தெரியாமல் இருக்கப் படியின் பச்சை பெயின்டே அடித்திருந்தது.

இதற்காக எத்தனை நேரம் உட்கார்ந்து இழைத்தாரோ. ஓரம்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். எனக்காகப் படியை நேராக்கியவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கட்டை மட்டும் இல்லாவிட்டால் இவரைக் கோழை என்று வைத்துக்கொண்டு ஒருவேளை மறந்திருப்பேன். ஆணியைப் பிடுங்கிக் கட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இவரிடம் சொல்லவில்லை. இனிமேல் எனக்கும் ஒன்று இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

"நாளைக்கு ஒருநாள் மட்டும் பொறுத்துக்க" என்றார் இவர், விளக்கை அணைத்த பிறகு. நான் தூங்குவதுபோல இருந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆய்வாளர் சேலத்துக்காரர், வயதான டாக்டர். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. சேர்மன், நிவேதிதா, இவர் எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். கூடத்துக்குள் வந்ததும், "அருமையான தரை" என்றார் ஆய்வாளர். நிவேதிதாவின் முகம் மலர்ந்தது.

நான் பந்தை எடுத்துக் கீழே வைத்தேன். முன்கூட்டி நினைத்துச் செய்யவில்லை. கை அதுவாகப் போனது. பந்து உருண்டு, ஆய்வாளரின் செருப்பை உரசி, வாய்க்காலில் போய் நின்றது. அவர் பந்தைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார்.

"நடக்கப் பழகற இடத்துல சாக்கடை எதுக்கு? இதுக்கு யார் பொறுப்பு?"

இவர் முன்னால் வந்தார். நானும் இவரும் நேருக்கு நேர் நின்றோம். இப்போதாவது சொல்வார் என்று எனக்குள் ஒரு அற்ப ஆசை இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், இருந்தது.

"கழுவி விடறதுக்குங்க சார். இன்பெக்‌ஷன் கன்ட்ரோலுக்கு" என்றார். என்னிடம் சொன்ன அதே வார்த்தை, அதே குரல்.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "உங்க பிரிவுக்கு அஞ்சு வருஷத் திட்டம் என்னம்மா?"

"அஞ்சு வருஷம் இல்லீங்க சார். நீங்க ஆய்வு முடிச்சுட்டுக் கார் ஏறற வரைக்குந்தான்" என்றேன். "அதுக்கப்புறம் இது டயாலிசிஸ் கூடம். இந்தத் தரை அதுக்காகப் போட்டது. என்ற நோயாளிக வெளிய வராண்டாவுல நடக்கறாங்க. வாங்க, காட்டறேன்."

சேர்மன் முகத்தில் ஈயாடவில்லை. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தானே போட்ட தரையை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒன்றும் இடிந்து விழவில்லை. ரீஹேப் பிரிவை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அது இல்லாமலே ஆஸ்பத்திரிக்குச் சான்று கிடைக்கும்போல இருக்கிறது. கூடத்தை இந்த மாதமே காலி செய்ய வேண்டும்.

நிவேதிதா வழியில் மறித்து, "இப்படித் துரோகம் பண்ணுவீங்கன்னு நெனக்கல மேம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாள். வீட்டில் இவரும் அதையே வேறு மாதிரி சொன்னார்: "நாலு பேரு முன்னால என்னையப் பொய்யனாக்கிட்டயே."

ஆக்கினேனாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சரசக்கா ஏறிவிட்டார். தோளில் பை, ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கம்பி. மேலே போய் நின்று, திரும்பி, இறங்கி, மறுபடி ஒருமுறை ஏறினார். நான் கன்னம் வலிக்க விசில் ஊதினேன். மேல்மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

இவர் ஜெனரேட்டர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்தைத் தட்ட வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. சரசக்கா கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, கம்பியை விட்டு, தன் இடது கையாலேயே தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

"போலாம் ரைட்டுங்க மேடம்."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாளை முதல் நான் எலும்புப் பிரிவில். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மேஜை. சரசக்காவும் நாளைக்குத்தான் பள்ளிக்கூடம் போகிறார். பஸ் ஏறியதும் போன் போடச் சொல்லியிருக்கிறேன்.

மதியம் இவர் ஒரு குட்டி யானை வேனில் பஸ் படியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பழைய இரும்புக்குப் போட இருந்தார்களாம், கேட்டு வாங்கி வந்திருக்கிறார். "உனக்குன்னு செஞ்சது. நம்ம வாசல்லயே இருக்கட்டும்" என்றார். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாசல் தெருப் பக்கமாகச் சரிந்தது. மழைத் தண்ணீர் நிற்காமலிருக்க இவரே கொடுத்த வாட்டம். படியை இறக்கி வைத்துவிட்டு மேலே ஏறி நின்றார். அது ஆடியது. இறங்கி, குனிந்து, காலுக்கடியில் கையை விட்டுத் துழாவினார். மறுபடி துழாவினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கோகிலா, இதுக்கடியில ஒரு கட்டை இருந்துதே. பாத்தயா?"

கட்டை கைக்கெட்டும் தூரத்தில், கதவு ஆணியில் தொங்கும் என் பையில் இருந்தது.

"எந்தக் கட்டைங்க?" என்றேன்.

இவர் வாயைத் திறந்தார். எதற்கு வைத்த கட்டை, எப்போது வைத்த கட்டை என்று சொல்லட்டும் என்று நான் நின்றேன். சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஆடுகிற படியில் மறுபடி ஏறி நின்றார்.

உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி களைய உள்ளே வந்துவிட்டேன்.